கம்பி மேஸ்திரியின் காது

ஒரு வீட்டுப் பியானோவில் யாருடைய இசை வாசிக்கப்படுகிறது என்பதை ஒரு சுரம்கூடக் கேட்காமல் சொல்லக்கூடியவர் பெங்களூரிலேயே ஒருவர்தான் இருந்தார்: கம்பி மேஸ்திரி. மூடியைத் திறப்பார், கம்பியை அடிக்கும் சுத்தியல்களின் கம்பளித் தேய்மானத்தைத் தடவுவார், தீர்ப்புச் சொல்வார்.

கோலார் தங்கவயல் துரைமார் கிளப்பில் பியானோ துடைக்கப் போய், சுதி சேர்க்கக் கற்றுக்கொண்டு வந்தவர். ஐரோப்பிய மேதைகளின் பெயர்கள் அவர் வாயில் நுழையாததால் அவரே பெயர் வைத்துவிட்டார்.

"நடுவுல சமமா தேஞ்சிருந்தா சின்னத்துரை, கை கழுவிக்கினு வாசிக்கிற பையன். எடது கை ஓடிக்கினே இருக்க, வலது கை தனியா அழுதா இருமல்காரன், காசத்துல செத்தவன். தடிக் கம்பி அறுந்திருந்தா செவிட்டண்ணன். காது கேக்காதவன் பின்ன எப்டி அடிப்பான்?"

பிரேசர் டவுனில் டீச்சரம்மா வீட்டில் ஞாயிறுதோறும் மூவர் வாசிப்போம்: அவர் பியானோ, டாக்டர் செல்லோ, நான் வயலின் என்ற பெயரில் சித்திரவதை. மேஸ்திரி மூலையிலிருந்து அதட்டுவார்: "தம்பி, சின்னத்துரைக்கு இன்னாத்துக்கு இவ்ளோ கோவம்?"

ஒரு ஞாயிறு என் வில் வழுக்கி, பூனையை மிதித்த சத்தம் எழுந்தது. மேஸ்திரி ரசித்துத் தலையாட்டினார். டாக்டர் அவர் பின்னால் போய்க் கைதட்டினார். மேஸ்திரி திரும்பவில்லை.

அடுத்த முறை சுதி சேர்க்க வந்தவர், பியானோ மரத்தைப் பல்லால் கடித்தபடி வேலை செய்தார். அதிர்வைப் பல்லால் கேட்கிறார்! முடித்ததும் சோதித்தேன். பியானோ முழுக்க ஒரே சீராகக் கால் சுரம் இறங்கியிருந்தது.

"மெட்ராஸ்லேந்து வேற ஆள வரவழைச்சிடலாம்மா," என்றார் டாக்டர். விஷயம் வெளியே தெரிந்தால் வேறெந்த வீடும் அவரைக் கூப்பிடாது. மேஸ்திரி எங்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா கீதுங்களா, டீச்சரம்மா?"

டீச்சரம்மா இசைப் புத்தகத்தில் செவிட்டண்ணனின் பக்கத்தைப் பிரித்து வாசித்தார். மேஸ்திரி மரத்தில் உள்ளங்கையை வைத்தார். இடி மாதிரி நான்கு அடி, ஒரு மௌனம், பிறகு யாரோ கெஞ்சுவது போல மெல்லிய ஒரு வரி. மேஸ்திரியின் கண் நிறைந்துவிட்டது.

"நம்மாளு," என்றார். செவிட்டண்ணன் என்ற பெயரை அதற்கப்புறம் அவர் சொல்லிக் கேட்டதில்லை.

"சரியா இருக்கு, மேஸ்திரி," என்றார் டீச்சரம்மா, உதடு நன்றாகத் தெரியும்படி. டாக்டர் செல்லோவின் கம்பிகளைத் தளர்த்தினார். நானும் வயலின் சுதியைப் பியானோவுக்குச் சமமாக இறக்கினேன்.

மேஸ்திரி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. இப்போது வரும் ஆள் ஒவ்வொரு முறையும், "சுதி எறங்கிக் கீது சார், ஏத்திடட்டா?" என்கிறான்.

நாங்கள் இன்னும் ஏற்ற விடவில்லை.