ஊர் ஊராய் ஒரு உதவி கோச்

அமெரிக்காவுக்கு வந்த தமிழர்களிலேயே, நல்ல வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, தோற்றால் ஊரைவிட்டே அனுப்பிவிடும் ஒரு வேலையைத் தேடிப் பிடித்துச் சேர்ந்த ஒரே ஆள் எங்கள் கோச்தான். அவனுக்கு அப்பா அம்மா வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. படிக்க வந்த புதிதில், நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் நாங்கள் நான்கு பேர் ஒரே அபார்ட்மென்ட்டில் இருந்த காலத்திலேயே அது வழக்கொழிந்துவிட்டது.

கோபிசெட்டிபாளையத்துக்காரன். குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்றால் ஐம்பத்தைந்து கிலோ இருப்பான். புள்ளியியல் படிக்க வந்தவன், முதல் செமஸ்டரில் எங்களோடு அமெரிக்க ஃபுட்பால் பார்க்கப் போனான். தலைக்கவசம் மாட்டிய மலைகள் ஒரு முட்டை வடிவப் பந்துக்காக ஒன்றின்மேல் ஒன்று சரியும் ஆட்டம் அது. நாங்கள் மூவரும் இடைவேளையில் கிளம்பிவிட்டோம். அவன் கடைசிவரை உட்கார்ந்து, டிக்கெட்டின் பின்பக்கம் முழுக்க எதையோ எழுதிக்கொண்டு வந்தான்.

அடுத்த வாரமே எங்கள் யுனிவர்சிட்டி அணியிடம் போய், ஏதாவது வேலை கொடுங்கள் என்று நின்றான். இரும்புக் கோபுரத்தில் ஏறிப் பயிற்சியை வீடியோ எடுக்கும் வேலை கிடைத்தது. நியூ ஜெர்சியின் நவம்பர் காற்றில் அந்தக் கோபுரமே ஆடும். தும்மிக்கொண்டே இறங்கி வருவான். நாங்கள் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தால், தட்டைத் தொடாமல், "எதிர் டீம் எப்பப் பாத்தாலும் இடது பக்கமாத்தான் ஓடறாங்க மாப்ள. யாருமே கவனிக்கல," என்பான். இதை ஒரு நாள் கோபுரத்திலிருந்து இறங்கி நேராகத் தலைமை கோச்சிடமே சொன்னான். அவரும் கேட்டுத் தொலைத்தார். அந்த ஆட்டத்தில் ஜெயித்தும் தொலைத்தார்கள். அதோடு நாங்கள் அவனை இழந்தோம்.

படிப்பு முடிந்து ஒரு மருந்து கம்பெனியில் மூன்று மாதம் வேலைக்குப் போனான். ஒரு நாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான்.

"டெக்சஸ்ல ஒரு காலேஜ்ல கூப்புடறாங்க. அசிஸ்டென்ட் கோச்சுக்கு அசிஸ்டென்ட்."

"கம்பெனி?"

"ரிசைன் பண்ணிட்டேன்."

"வீட்ல சொல்லிட்டியா?"

"அதுக்குத்தான் உங்கிட்ட வந்தேன். அப்பா உம்பேச்சக் கேப்பாரு."

அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. நான்தான் அவர் பேச்சை நாற்பது நிமிடம் கேட்டேன்.

இந்த வேலையின் லட்சணம் பிறகுதான் எனக்குப் புரிந்தது. அணி தோற்றால் தலைமை கோச்சை அனுப்பிவிடுவார்கள். அவர் சேர்த்த உதவி கோச்சுகளும் கூடவே நடையைக் கட்ட வேண்டும். ஜெயித்தால் அவர் பெரிய காலேஜுக்குப் போய்விடுவார். அப்போதும் இவர்களுக்கு உத்தரவாதம் கிடையாது. ஆக, தோற்றாலும் மூட்டை, ஜெயித்தாலும் மூட்டை. அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, வேலைக்காகக் கலிஃபோர்னியாவுக்குக் குடிவந்திருந்தேன். ஒவ்வொரு மூட்டையும் சான் ரமோனில் இருக்கும் எங்கள் வீட்டில்தான் வந்து இறங்கும்.

வந்தால் சும்மா இருப்பானா? சாப்பாட்டு மேஜையில் இட்லிகளை வரிசையாக நிறுத்தி, நடுவில் ஒரு வடையை வைத்து வியூகம் சொல்லித் தருவான். என் மனைவி கவிதா வடையை எடுக்கப் போனால் கையைத் தடுப்பான்.

"தங்கச்சி, அத எடுத்தா நடுவுல ஓட்டையாயிரும்."

"அண்ணா, அது ஆறிப்போச்சு."

கல்யாணம் ஆனால் ஒரு ஊரில் உட்காருவான் என்று கவிதா நம்பினாள். சான்டா கிளாராவில் அவளுக்குத் தெரிந்த குடும்பத்தில் பெண் பார்க்கப் போனோம்.

"மாப்ள காலேஜ்லன்னு சொன்னாங்க. எந்த டிபார்ட்மென்ட்?" என்றார் பெண்ணின் அப்பா.

எதிரணியைத் தடுத்து ஆடும் பிரிவுக்குத்தான் அப்போது இவன் உதவி கோச். நான் வாயைத் திறப்பதற்குள், "டிஃபென்ஸுங்க அங்கிள்," என்றான்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "அப்ப, நெறைய வெளிய பேசக்கூடாது, இல்லையா?"

"ஆமாங்க. பிளான் வெளிய போனா அவ்வளவுதானுங்க. போன வருஷம் எங்க சிக்னலையே திருடிட்டாங்க."

"யாரு, சீனாக்காரனா?"

"பக்கத்து ஊர் காலேஜுங்க."

உள்ளே பெண் சிரித்த சத்தம் கூடம்வரை கேட்டது. அவள் அப்பா சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது ஃப்ரீவே முழுக்க கவிதா என்னைத்தான் திட்டிக்கொண்டு வந்தாள், ஏதோ நான்தான் அவனைப் பெற்றவன் மாதிரி.

போன சீசனில் அவன் அப்போது இருந்த டெக்சஸ் அணி வரிசையாகத் தோற்றது. எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். போதும் என்று நான் முடிவு செய்தேன். என் மேனேஜரிடம் கெஞ்சி, என் ஆபீசிலேயே அவனுக்கு ஓர் இன்டர்வியூ ஏற்பாடு செய்தேன். திங்கட்கிழமை, பத்து மணி. டெக்சஸிலிருந்து காலை விமானத்தில் நேராக ஆபீசுக்கு வருவதாக ஏற்பாடு. பத்தரைக்கும் ஆளைக் காணோம். மேனேஜர் கண்ணாடிக் கதவு வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோன் போட்டேன்.

"எங்கடா இருக்க?"

"டெக்சஸ்ல. ஆஸ்பத்திரில."

"என்னடா ஆச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்ல மாப்ள. என் பிளேயர் ஒருத்தனுக்கு முட்டி ஆபரேஷன்."

"அவன் உன் பிளேயர் இல்லடா. உன்ன வேலையவிட்டுத் தூக்கிட்டாங்க."

"தெரியும். புதுசா வந்த கோச்சுக்கு அவன் பேரே இன்னும் தெரியாது. அவங்கம்மாவுக்கு லீவு கெடைக்கல. கண்ணு முழிக்கறப்ப நான் இருப்பேன்னு முன்னாடியே சொல்லிட்டேன்."

"எனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணினா நீ வரச் சொல்லுவ. நானும் வந்துருவேன்."

பத்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வசவுகள் எல்லாம் தொண்டைவரை வந்து நின்றன. "சாப்டியா?" என்று மட்டும் கேட்டு ஃபோனை வைத்துவிட்டேன். உள்ளே போய் மேனேஜரிடம், குடும்பத்தில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றேன். சொன்ன பிறகு அது அவ்வளவு பெரிய பொய்யாகத் தோன்றவில்லை.

இப்போது டெக்சஸிலேயே வேறொரு சின்னக் காலேஜில் இருக்கிறான். எத்தனையாவது ஊர் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். வங்கிக் கடிதம், வரிக் காகிதம், அவன் அம்மா அனுப்பும் பருப்புப் பொடி எல்லாமே எங்கள் வீட்டுக்குத்தான் வருகின்றன. போன மாதம் கவிதா, கொஞ்சம் பெரிய வீடாகப் பார்த்துப் போகலாமா என்று கேட்டாள். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். காரணம் கேட்டாள். அவனுக்கு மாறாமல் இருப்பது இந்த ஒரு விலாசம்தானே.