கறைச்சுவர் வென்ற படலம்

வாழ்க சாய்ந்தோன்! வாழ்க நாலாம் மாடிக் குடியிருப்பின் கூடத்தரசன்! பூட்டுத் தொழிற்சாலைக் கிடங்கில் பகலெல்லாம் பெட்டி எண்ணிக் களைத்து, மாலையில் மனை திரும்பி, வாசலில் செருப்பைத் துறந்து, முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் தடவி, சோபாவின் இடது மூலையில் எழுந்தருளி, மின்னும் தன் திருமுடியைப் பின்சுவரில் பொருத்தி, தொலைக்காட்சியின் திருமுன் உலகை மறக்கும் பெருந்தகையின் புகழ் பாடப் புகுகின்றோம். பெயின்ட் நெடியே, நீ எமக்குத் துணை நிற்பாயாக! தும்மலே, இந்தக் கதை முடியும் வரையாவது நீ தள்ளி நிற்பாயாக!

திருமுடி சாய்ந்த அந்தச் சுவரில், ஆண்டுகள் உருள உருள, ஒரு கறை பிறந்தது. பொத்தானளவாய்ப் பிறந்து, கிண்ணத்தளவாய்த் தவழ்ந்து, தட்டளவாய் வளர்ந்து, நடுவில் கருத்து, ஓரத்தில் வெளிறி, விளக்கைப் போட்டால் பளபளத்து, வந்தவர் கண்ணையெல்லாம் தன்பால் ஈர்க்கும் பருவத்தையும் அது எய்திவிட்டது. சாய்ந்தோனுக்கு அது கறையன்று, அரியணையின் முதுகு. அவருடைய அரசிக்கோ அது கறை. மருந்துக்கடையில் கண்ணாடி அலமாரிகளை ஒரு விரல் ரேகை தங்காமல் துடைத்துப் பழகிய கை அவளுடையது. வீட்டுக்கு வந்தால் அவள் கண்ணில் முதலில் படுவது கணவனல்ல, கணவனின் கறைதான்.

இவ்வாறு பொறுத்திருந்த அரசியின் பொறுமைக்கும் ஒரு நாள் எல்லை வந்தது. அவள் அக்காள் வீட்டுக் கூடத்தில் புதிதாய் ஒரு பளிங்குப் பூச்சு பூசியிருந்தார்கள். பூசியது ஓர் ஆள். ஆனால் பெருமையெல்லாம் அக்காள் கணவருக்கு, அதாவது நம் சாய்ந்தோனின் சகலைக்கு. வந்தவர் கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சுவரைத் தொட வைத்து, கல்லா பூச்சா என்று கேட்டு, விடை வருமுன் தாமே சொல்லிச் சிரிக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. அந்தச் சகலையும் அக்காளும் வருகிற ஞாயிறு மாலை இவர்கள் வீட்டுக்கு வருவதாகச் செய்தி வந்தது. தொலைபேசியைக் கீழே வைத்த அரசி, கூடத்தின் நடுவே நின்று, மேளதாளம் ஏதுமின்றி, இவ்வாறு பிரகடனம் செய்தாள்:

"அக்கா வரதுக்குள்ள அந்தக் கறை போகணும். போகலைன்னா டிவியை அதுமேல மாட்டி மறைச்சிருவேன். சோபா அந்தப் பக்கம் ஜன்னலுக்குக் கீழே போயிரும்."

ஜன்னலுக்குக் கீழே! சாயச் சுவரற்ற பாழ்நிலம் அது. சாய்ந்தால் தலை கம்பியில் இடிக்கும், நிமிர்ந்தால் குளியலறைக் கதவு திறக்கும்போதெல்லாம் முழங்காலில் மோதும். அங்கே நாடு கடத்தப்படுவதை எண்ணிய மாத்திரத்தில் சாய்ந்தோனின் நெஞ்சு நடுங்கியது. நடுங்கிய நெஞ்சோடு சும்மா இருந்திருக்கலாம். கறையைக் கழுவி, மேலே ஒரு பூச்சு பூசி, காரியத்தை முடித்திருக்கலாம். ஆனால் வீரர்க்கு வாய்தானே முதல் பகை? எழுந்து நின்று, தோள் இரண்டும் விம்ம, அவர் வஞ்சினம் உரைத்தார்:

"கறையைப் போக்கறது என்ன பெரிய வேலை? உன் அத்தான் வீட்டுச் சுவரையே மிஞ்சற மாதிரி நானே பூசிக் காட்டறேன். ஆள் வேண்டாம். மிஞ்சலைன்னா நானே சோபாவைத் தூக்கி ஜன்னல்கிட்ட போட்டுக்கறேன்."

அரசி சோபாவின் நீளத்தை ஒரு முறை கண்ணால் அளந்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை, அரசி மருந்துக்கடைக்குப் புறப்பட, சாய்ந்தோன் வண்ணக்கடைக்குப் படையெடுத்தார். கடைக்காரர் மாதிரிப் பலகைகளை எடுத்து எடுத்து வைத்தார்: கசக்கிய துணியால் ஒற்றிய பூச்சு, சீப்பால் கீறிய பூச்சு, பட்டுப் போல் மினுங்கும் பூச்சு, ஸ்பாஞ்சால் ஒற்றிய மேகப் பூச்சு. மேகமே தம் மேன்மைக்கு ஏற்றது என்று சாய்ந்தோன் தேர்ந்தார். முதலில் வெளிர் நிறத்தில் அடிப்பூச்சு, அது காய்ந்த பின் கிளேஸ் என்னும் மெல்லிய கலவை, அது ஈரமாய் இருக்கும்போதே ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தால் மேகம் மேகமாய் வரும், அவ்வளவுதான் என்று விளக்கிய கடைக்காரர், கடைசியில் ஒன்று கேட்டார்.

"சுவர்ல எண்ணெய்ப் பிசுக்கு ஏதாச்சும் இருக்கா சார்? இருந்தா சோப்புத் தண்ணியில கழுவி, பிரைமர் அடிச்சுட்டுதான் மத்ததெல்லாம். இல்லைன்னா எதுவுமே பிடிக்காது."

கேட்டவர் பார்வை தற்செயலாகத்தான் சாய்ந்தோனின் பளபளக்கும் உச்சிக்குப் போனது. ஆயினும் மானம் பெரிதல்லவா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த பரம்பரையில் வந்தவர் போல், தம் வீட்டுச் சுவர் கண்ணாடி போல் சுத்தமானது என்று அந்தக் கடையில் அவர் முழங்கினார். பிரைமர் டப்பா அலமாரிக்கே திரும்பிப் போயிற்று.

பின்னர் எழுந்தது படை. யானையென அசைந்து வந்தது பெயின்ட் வாளி. தேரென நின்றது மடக்கு ஏணி. குதிரையெனப் பாய்ந்தது ரோலர். காலாட்படையெனத் தரையெங்கும் விரிந்து படுத்தன பழைய செய்தித்தாள்கள். இந்நால்வகைப் படைக்கும் நடுவே, கிழிந்த பனியனே கவசமாக, மடித்துக் கட்டிய லுங்கியே அரைக்கச்சையாக, சாய்ந்தோன் நின்ற கோலத்தைக் காண நாலாம் மாடியில் ஒரு பல்லி மட்டும் இருந்தது. அதுவும் வாளியைத் திறந்ததும் போய்விட்டது.

முதற்பூச்சு பூசினார். சுவரெங்கும் வெண்ணிலவு காய்ந்தது போல் வெளிர்ந்தது, ஓரிடம் தவிர. அந்த ஓரிடத்தில், எண்ணெயின் மேல் நிற்க மாட்டாத பெயின்ட், குடியேற இடம் கிடைக்காத அகதியெனத் துளித்துளியாய் ஒதுங்கி வழிந்தது. இரண்டாம் பூச்சு பூசினார், வழிந்தது. மூன்றாம் பூச்சைப் பல்லைக் கடித்துக்கொண்டு அப்பினார்; அது சற்று நேரம் மரியாதைக்கு நின்றுவிட்டுப் பிறகு வழிந்தது. மாலையில் வந்த அரசி செருப்பைக் கூடக் கழற்றாமல் எட்டிப் பார்த்தாள். சுவரில் வேறெதுவும் இல்லாததால் கறை முன்னிலும் தெளிவாகத் தெரிந்தது. அவள் உள்ளே போய், அளவு நாடாவை எடுத்து டிவியின் மேல் வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

ஞாயிறு பிறந்தது. அரசிக்கு அன்றும் கடை. மாலையில் பேருந்து நிலையத்துக்குப் போய் விருந்தினரை அழைத்துக்கொண்டுதான் வருவாள். நீலச் சாம்பல் நிறக் கிளேஸைச் சுவரெங்கும் பூசிவிட்டு ஸ்பாஞ்சை எடுக்கக் கை நீட்டிய சாய்ந்தோன், ஸ்பாஞ்சே வாங்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தார். ஆயுதம் மறந்து களம் புகுந்தவர் கை, அடுக்களைத் தொட்டியில் கிடந்த பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சைப் பற்றியது. ஒற்றினார். மேகம் வரவில்லை, நுரை வந்தது. சோப்பு நுரை பொங்கிக் கோடு கோடாய் இறங்க, அதன் நடுவே, எத்தனை படை வரினும் அஞ்சேன் என்று, கறை முழுமதியென எழுந்து நின்று சிரித்தது. நீலச் சாம்பலுக்கு நடுவே பழுப்பு வட்டம் எடுப்பாகத்தான் இருந்தது, அதை யாரும் மறுக்க முடியாது.

வீரர் தளர்ந்தார். நுரையைத் துடைத்து, கடைசி நம்பிக்கையாய் மறுபடியும் கிளேஸைப் பூசிவிட்டு, இனி என்ன செய்வதென்று அறியாமல் சோபாவில் சரிந்தார். இடது மூலையில் டப்பாக்கள் கிடந்ததால் வலது மூலையில் உட்கார்ந்தார். இந்த இடத்தில், இந்தச் சோபாவில், எத்தனை மாலைகள் நிம்மதியாகக் கழிந்தன என்று எண்ணியபடி சோபாவின் கைப்பிடியைத் தடவிக்கொடுத்தார். கிடங்கில் அவரை எல்லோரும் ஏவுவார்கள். பேருந்தில் எல்லோரும் இடிப்பார்கள். இந்த ஒரு முழச் சுவர்தான் அவரை ஒன்றும் கேட்காமல் தாங்கியது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் அல்லவா? ஈரச்சுவர் என்பதை மறந்து தலை தானாகப் பின்னால் சாய்ந்தது.

பதறி எழுந்து திரும்பினார். அங்கே, ஐயகோ, அற்புதம்!

எண்ணெய்த் தலை பட்ட இடத்தில் கிளேஸ் விலகி, உச்சி வழுக்கையின் வடிவில் எண்ணெய் ஊறிய பழுப்பு மேகம் ஒன்று மிதந்தது. அதைச் சுற்றி, மிஞ்சியிருந்த முடிகள் இழுத்த கோடுகள், கல்லுக்குள் ஓடும் நரம்பு போல நெளிந்து கிடந்தன. சகலை வீட்டுப் பளிங்கில் கூட இத்தனை நுட்பமில்லை. அதைவிட விந்தை, அந்தப் புதிய மேகமும் பழைய கறையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போல ஒன்றுபோல் இருந்தன. சுவர் முழுக்க இப்படியே இருந்தால் கறை எது, கலை எது என்று யார் கண்டார்?

வணங்குவோம் எண்ணெய்க் குப்பியை! வணங்குவோம் எழிலுறு வழுக்கையை! குளியலறையிலிருந்து குப்பியைக் கொணர்ந்து, காது வழிய எண்ணெய் தடவி, கிளேஸ் காயுமுன் காரியம் முடிய வேண்டுமென்ற வேகத்தோடு, சாய்ந்தோன் சுவரின் மேல் பாய்ந்தார். நின்று மோதினார், முழங்கால் மடக்கி மோதினார். ஏணியின் மேலேறி, ஒரு கையால் மின்விசிறித் தண்டைப் பற்றியபடி உயரத்தில் மோதினார். சோபாவை நகர்த்தி, தரையில் மல்லாந்து, அதன்மேல் கால் போட்டுத் தாழ்வான இடங்களில் மோதினார். முன்னுச்சியால் மேகம், பின்னுச்சியால் நரம்பு, காதோரத்தால் ஓரவேலை. உலகத்தார் வெறுத்துப் போனால் சுவரில் முட்டிக்கொள்வார்கள். வெல்வதற்காக முட்டிக்கொண்டவர் இவர் ஒருவரே. எதிர்மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணி இந்தப் போரை ஜன்னல் வழியே சிறிது நேரம் கண்டாள். பிறகு துணியை அப்படியே விட்டுவிட்டுத் தன் கணவரை அழைத்து வந்து காட்டினாள்.

மாலை வந்தது. அரசி வந்தாள், அக்காள் வந்தாள், சகலை வந்தார். கிளேஸ் ஏறி நீலம் பாரித்த முடி எந்தச் சோப்புக்கும் மசியாததால், தலையில் துண்டு கட்டி, தலைக்குக் குளித்ததாகச் சொல்லிக்கொண்டு, கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பி வரவேற்றார் சாய்ந்தோன். அக்காள் கூடத்துக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இது என்ன பூச்சு, தங்கள் வீட்டுக்கு வந்த ஆள் இதைக் காட்டவே இல்லையே என்று தன் கணவரைத்தான் கேட்டாள். சகலை சுவரருகே போய், விரலால் தேய்த்து, விரலை முகர்ந்து, கைக்குட்டையில் துடைத்து, சற்று யோசித்து, அறிந்தவர் தோரணையில் தீர்ப்பளித்தார்.

"மெழுகு போட்டிருக்காங்க. வெளிநாட்டு மெழுகு. நம்ம ஊர்ல கிடைக்காது."

அரசி சுவரைப் பார்த்தாள். மருந்துக்கடையில் மூடியைத் திறக்குமுன்னே மருந்தின் பெயர் சொல்லும் அவள் மூக்கு ஒரு முறை விரிந்து சுருங்கியது. பிறகு துண்டைப் பார்த்தாள், துண்டுக்குக் கீழே காதின் பின்னால் காய்ந்திருந்த நீலச் சொட்டைப் பார்த்தாள். சாய்ந்தோன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். மேகங்களுக்கு நடுவே கறை எங்கிருக்கிறதென்று அவருக்கே இப்போது அடையாளம் தெரியவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும்; ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், இரண்டு நாள் போரும் சகலையின் ஆயுட்காலச் சிரிப்பாகிவிடும். இந்தச் சுவரைப் பூசிய ஆளைத் தங்கள் வீட்டுப் படுக்கையறைக்கும் அனுப்பும்படி அக்காள் அவளிடம் கேட்டாள்.

"அவர் வெளி வேலைக்குப் போறதில்லைக்கா," என்றாள் அரசி. "எங்க வீட்டுக்கு மட்டும்தான் செய்வார்."

சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனவள், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அதன் சத்தத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தட்டை எடுக்க வந்த சாய்ந்தோன் அதைப் பார்த்தார். அவளை அப்படிச் சிரிக்க வைத்து வெகுகாலம் ஆகியிருந்தது. வெற்றி என்றால் இதுதான் என்று அவருக்குப் பட்டது.

விருந்தினர் சென்றனர். முழங்குக சங்கம்! அதிர்க முரசம்! அளவு நாடா பெட்டிக்குள் திரும்ப, டிவி தன் மேசையிலேயே நிலைபெற, சோபா ஜன்னலுக்குப் போக வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்று அரசியின் ஆணை பிறக்க, கறையை வென்று, சகலையை வாயடைத்து, நாடு மீட்ட நாயகன், வெற்றித் திருக்கோலத்தில் சோபாவின் இடது மூலையில் எழுந்தருளி, துண்டை அவிழ்த்து, நீலம் பாரித்த தம் திருமுடியைத் தாமே படைத்த மேகங்களின் நடுவே பொருத்துவதற்காக மெல்ல, மிக மெல்லப் பின்னே சாய்க்கையில், அரசி ஓடி வந்து தடுத்தாள்.

"ஐயோ, அதுல தலை வைக்காதீங்க. அழுக்காயிரும். அக்கா அடுத்த மாசம் மறுபடியும் பார்க்க வரா."

சோபாவைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டுவிட்டார்கள், இப்போது அவருக்குக் கழுத்து வலிக்கிறது.