கறை தெரியாத படம்

கட்டடத்தைப் படம் எடுப்பவர்களில் கறுப்புவெள்ளையார் என்றோர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பூச்சு காணாத கான்கிரீட் சுவருக்கு எதிரே, துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி ஒருவர் இரண்டு மணி நேரம் நின்றால் அவர் இந்த இனம்தான். எதற்கு நிற்கிறார்? நிழல் நாலு விரற்கடை நகர வேண்டும். அதுவரை குப்பை கொட்ட வருகிறவரையும், துண்டு உலர்த்துகிறவரையும், சன்னலில் சும்மா எட்டிப் பார்க்கிற குழந்தையையும், என்னமோ கட்டடத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் கைவீசி விரட்டுவார். நிறமா? அதெல்லாம் காலண்டர் அடிக்கிறவர்களுக்கு.

நம் கறுப்புவெள்ளையாருக்கு ஓர் அக்கா. அடுக்குமாடிக் குடியிருப்பில் கடைசி மாடி. வெளிச்சுவர் வெடித்து, பாசி பச்சையாகவும் துரு சிவப்பாகவும் வழிந்து, ஈரம் படுக்கையறைக் கூரைவரை ஏறிவிட்டது. மழை வருவதற்குள் சரிசெய்யாவிட்டால் கூரை பெயர்ந்து கட்டிலில் விழும். படத்தோடு மனு கொடுக்கச் சொன்னது குடியிருப்பு அலுவலகம். "போன்லயே எடுத்துக்கிறேன்" என்று அக்கா சொன்னதற்குத் தம்பி மூன்று நாள் பேசவில்லை. பிறகு கேமராவோடு வந்தார்.

"அக்கா, கொடியில இருக்கிற போர்வைய எடு."

"பால்கனியில உங்க மாமா நிக்கிறாரேடா?"

"அவரையும் எடுத்துடு. சுவரோட நேர்கோட்ட வெட்டுறாரு."

படம் வந்தது. பச்சை போச்சு, சிவப்பு போச்சு. கசிவு, வானத்திலிருந்து இறங்கும் மெல்லிய சாம்பல் ரேகையாகியிருந்தது.

"ஈரம் எங்கடா?"

"அது ஈரமில்லக்கா, ஒளி."

மனுவுக்குக் கடைசி நாள். வேறு வழியில்லாமல் அக்கா அதையே கொடுத்தாள். அலுவலகப் பொறியாளர் படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இவ்ளோ அழகான சுவர்ல போய் எதுக்கும்மா சிமென்ட்டப் பூசறது?"

படத்துக்குச் சட்டம் போட்டு அலுவலக வாசலில் மாட்டினார்கள். மனுவின்மேல், 'தோற்றம் கெடக் கூடாது. சுவரைத் தொட வேண்டாம்' என்று எழுதினார்கள்.

மழை மட்டும் மனுவைப் படிக்கவில்லை.

"கூரை பேந்து கட்டில்ல விழுந்துடுச்சுடா! நல்லவேளை, நாங்க சமையக்கட்டுல இருந்தோம்" என்று போனில் அழுதாள் அக்கா.

"ஐயோ! எதையும் பெருக்கிடாதக்கா. ஓட்டை வழியா வெளிச்சம் எந்தப் பக்கம் விழுது?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தச் சாம்பல் ரேகையை ஒரு தடவை பார்த்தால் தேவலை என்று உள்ளூர ஒரு சபலம் தட்டுகிறதா? அப்படியானால் ஐயா, உங்கள் அக்கா கூப்பிடும்போது கேமராவை வீட்டில் வைத்துவிட்டு, ஏணியை எடுத்துக்கொண்டு போங்கள்.