மூன்றாவது ஓலைக்கு மாப்பிள்ளை எங்கே இருப்பான்?

இங்கிலாந்து,
61-ஆம் எண் பாலத்தை அடுத்த இரண்டாவது மரம்.

அன்புத் தங்கை பெட்ரிசியாவுக்கு,

ரந்தாவ் அண்ணன் ஜோசப்ராஜ், ஆண்டவர் புண்ணியத்தில் தண்ணீர் மேல் உட்கார்ந்து எழுதுவது. நான் நலம், என் தலை மட்டும் நலமில்லை. இன்று காலை வரை கூரையில் ஒன்பது தடவை இடித்துக்கொண்டேன். மம்பாவில் நீயும் மச்சானும் பிள்ளை ஜோசலினும் தரையில் காலூன்றி நலமாக இருக்க வேண்டுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டில் ஒரு முனையில் பெருமூச்சு விட்டால் மறுமுனையிலிருந்து "என்னப்பா?" என்று கேட்கிறார்கள். அதனால்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் ஷெரிலும் அந்த அம்பாங்கான் ஊர்ப் பையன் கிளெனும் இங்கே இங்கிலாந்தில் தாங்களாகவே பார்த்துக்கொண்டார்கள், நீ போய் அவன் அம்மாவிடம் பேசி முடித்தாய், சரி. ஆனால் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்காமல் பெண் கொடுப்பது நம் வழக்கமா? அதைத்தான் ஷெரிலிடம் சொன்னேன். "வாங்கப்பா, வீட்டுலயே தங்கலாம். தண்ணி பக்கம், அம்பத்தேழு அடி," என்றாள். அம்பத்தேழு அடி அகலம் என்று நினைத்து, ரந்தாவ் கடையில் பெரிய இருதய ஆண்டவர் படமாகப் பார்த்து வாங்கி விமானத்தில் சுமந்து வந்தேன். அம்பத்தேழு நீளமாம். அகலம் ஏழடி கூட இல்லை. இது வீடு இல்லை பெட்ரிசியா, படகு! இருதய ஆண்டவரைக் குறுக்காக வைத்தால் ஆள் போக வழியில்லை. என் கட்டிலில் எனக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறேன்.

நான் வந்ததற்காகக் கிளென் லீவு போட்டுவிட்டுக் காலையில் வருகிறான், படகை ஓட்டுகிறான், சமைக்கிறான், சாயங்காலம் போய்விடுகிறான். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணோடு ஒரே கூரையில் படுக்கக் கூடாது என்று எங்கோ போய்ப் படுக்கிறான் போலிருக்கிறது. எனக்குத் துணையாக ஷெரில் இங்கேயே இருந்து ஆஸ்பத்திரி வேலைக்குப் போய் வருகிறாள். அந்த ஒழுக்கத்தில் மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். மற்றதெல்லாம் குறைதான். இந்தக் கால்வாயைப் பார்த்தால் செம்பனைக்கு நடுவே வெட்டியிருப்பார்களே பாரிட் வாய்க்கால், அதே மாதிரிதான், அதே தே தாரேக் டீயின் நிறம். "டவுனுக்குப் போறோம், முன்னால அஞ்சு லாக்கு இருக்கு அங்கிள்," என்றான் கிளென். இந்த ஊரில் அவ்வளவு திருட்டா என்று பாஸ்போர்ட்டைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினேன். லாக் என்றால் பூட்டு இல்லையாம், கல்லால் கட்டிய குழியாம். படகு உள்ளே போனதும் பின்னால் கதவைச் சாத்தித் தண்ணீரைத் திறந்து விடுகிறார்கள், நாம் அடுப்பு, கட்டில், சாமி படத்தோடு கீழே இறங்குகிறோம், ஜன்னலுக்கு வெளியே பாசிச் சுவர் மேலே போகிறது. குழிக்குப் பத்து மணி உருட்டி, ஐந்து குழியில் ஒரு முழு ஜெபமாலை சொல்லி முடித்தேன். வெளியே வந்தால், நாயோடு நடந்துபோன ஒரு வெள்ளைக்காரக் கிழவி எங்களை முந்திப் போய், அடுத்த பாலத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டே கையாட்டினாள். டவுன் போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. வழியில் கிளென் கைப்பிடி வைத்த ஒரு சாம்பல் நிறப் பெட்டியைத் தூக்கி வந்து, "கொஞ்சம் புடிங்க அங்கிள்," என்றான். ஸ்பேனர் பெட்டி, விலை கூடின சாமானாக இருக்கும் என்று இருபது நிமிடம் மடியில் வைத்து அணைத்துக்கொண்டிருந்தேன். "ஐயோ அப்பா, அது டாய்லெட்டு லா! கொட்டுறதுக்கு எடுத்துட்டுப் போறோம்!" என்று ஷெரில் கத்தினாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. இந்த மாதிரிப் படகு ஒரே இடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் நிற்கக் கூடாதாம், சட்டம். நம் ஃபாதர் கொடுத்த கல்யாணத் தாளில் 'மாப்பிள்ளை குடியிருக்கும் பங்கு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தப் பங்குக் கோவிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை, 'இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை உண்டா?' என்று கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். முதல் ஞாயிற்றிலிருந்து மூன்றாம் ஞாயிறு பதினைந்தாம் நாள். அதற்குள் மாப்பிள்ளை கயிற்றை அவிழ்த்துக்கொண்டு அடுத்த பங்குக்குப் போயிருப்பான்! அங்கே முதலில் இருந்து ஓலை, மறுபடி கயிறு. இந்தக் கணக்கில் இவர்களுக்குக் கல்யாணமே ஆகாது. இருபது வருஷம் எஸ்டேட் ஆபீஸ் கிராணியாக, காலைப் பெரட்டுக்கு வந்து வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் குடியிருக்கும் லயம் நம்பர், வீட்டு நம்பர் எழுதியவன் நான். என் ஒரே மகளின் மாப்பிள்ளைக்கு 'இரண்டாவது மரம்' என்றா எழுதுவேன்?

ஆகையால் கடிதம் கிடைத்ததும் நீ அம்பாங்கான் போய், கிளென் அம்மாவிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிடு. முதலில் விலாசம், அப்புறம்தான் கல்யாணம். மண்டபத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிடு. விலாசம் இல்லாதவனுக்குப் பெண் கொடுக்க ஜோசப்ராஜ் ஏமாளி இல்லை.

மச்சானுக்கு என் வணக்கம். ஜோசலின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு.

அன்புள்ள அண்ணன்,
ஜோசப்ராஜ்

பி.கு.: அம்பாங்கான் போகாதே. போய்விட்டிருந்தால் பலகாரம் கொடுக்க வந்தேன் என்று சொல்லிவிட்டு வா.

கையெழுத்துப் போட்ட பிறகு, தேத்தண்ணி குடிக்கும்போது கிளெனிடம் நயமாகக் கேட்டேன், "தம்பி, இந்தப் படக வித்துட்டு ஒரு வீடு வாங்கிறக் கூடாதா?" என்று. அவன் ஷெரிலைப் பார்த்தான். "அங்கிள், இந்த போட் என்னோடது இல்ல. ஷெரிலோடது. எனக்கு அந்தப் பக்கத் தெருவுல வீடு இருக்கு, மூணு ரூமு. வந்துரு வந்துருன்னு ரெண்டு வருஷமா கெஞ்சுறேன். நீங்களாச்சும் சொல்லுங்க லா," என்றான்.

விலாசம் இல்லாதது நம் பெண்ணுக்கு, பெட்ரிசியா. தாளில் அவள் விலாசமாக நான் எழுதிக் கொடுத்த வாடகை அறையை அவள் காலி செய்து இரண்டு வருஷம் ஆகிறதாம். கிளென் அம்மாவும் ஒரு வாரமாக அவனிடம் போனில், "பொண்ணுக்கு எந்தப் பங்குடா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். ஷெரில் கத்தவில்லை. "எஸ்டேட்ட வித்தப்போ லயத்த விட்டுப் போங்கன்னாங்க, போனோம். இத விட்டுப் போன்னு எவனும் சொல்ல முடியாதுப்பா. தள்ளிப் போன்னுதான் சொல்ல முடியும்," என்றாள். அந்த நோட்டீசுகளை எல்லாம் டைப் அடித்தது நான். கடைசியாக என் பெயருக்கும் நானே அடித்தேன். அப்போது அவளுக்குப் பத்து வயது. அழுதுவிட்டேன். ஏழடி வீட்டில் அழுதால் திரும்பிக்கொள்ளக் கூட இடமில்லை.

கல்யாணம் நடக்கட்டும். அவள் அவன் வீட்டுக்குப் போவாளோ, அவன் படகுக்கு வருவானோ, அது அவர்கள் பாடு. பெண்ணுக்கு எந்தப் பங்கு என்று யாராவது கேட்டால் ரந்தாவ் என்று சொல். படகைப் பற்றிக் கிளென் அம்மா ஒரு வார்த்தை பேசினால் சும்மா விடாதே. இந்தப் படகுக்கு என்ன குறை? அம்பத்தேழு அடி!

இந்த மரத்தடிக்கு வந்து நாளை பதினான்காம் நாள். கயிறு அவிழ்க்கும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறாள். பதில் போடாதே, எந்த மரத்துக்குப் போடுவாய்?