பதில் மரியாதை

சனிக்கிழமை மாலை மூன்று பத்துக்கு தெட்சுரோ ஓட்டிவந்த வாடகைக் காரின் பின்சக்கரம் வெங்காயத்தாள் பாத்தியில் இறங்கியது.

“போச்சு,” என்றாள் சயோகோ. “யாரோ வளத்தது.”

அவர்கள் தங்க எடுத்த மலைவீட்டின் வாசலுக்கு இன்னும் பத்தடி இருந்தது. டோக்கியோவிலிருந்து ஐந்து மணி நேரப் பயணம். கல்யாணமாகிப் பத்து வருடம். மூன்று வருடத்தில் இருவருக்கும் சேர்ந்து கிடைத்த முதல் விடுமுறை. திட்டம் எளிது. ஒன்றும் செய்யாமல் இருப்பது, பிறகு தரைக்குழி அடுப்பில், விலை உயர்ந்த ஹிதா மாட்டிறைச்சியைச் சுட்டுத் தின்பது. இறைச்சி மரப்பெட்டியில், ஐஸுக்கு நடுவில், சயோகோவின் மடியில் இருந்தது.

காரைத் தள்ளியதில் தெட்சுரோவின் சட்டை சேறானது. வீட்டுக்குள் ஆணியில் தொங்கிய, மலைக்கிராமத்தார் போடும் பழைய பஞ்சு மேலங்கியை மாட்டிக்கொண்டான்.

பக்கத்து வீட்டு முற்றத்தில் ஒருவர் தலையில் துண்டும் காலில் ரப்பர் பூட்ஸுமாக விறகு பிளந்துகொண்டிருந்தார். கோடாலி அடிக்கடி மண்ணில் விழுந்தது.

“அவர் பாத்தியாத்தான் இருக்கும். வெறுங்கையோட போகாதீங்க,” என்றாள் சயோகோ.

அலுவலகத்தில் கொடுக்கவென்று அடிவாரத்தில் வாங்கிய அரிசி பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு போனான்.

“பக்கத்து வீட்லேர்ந்து வர்றேன். உங்க வெங்காயத்தாள நசுக்கிட்டேன். மன்னிக்கணும்.”

அவர் பாத்தியைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார். “இதுக்கு எதுக்குங்க எங்கிட்ட…”

“அப்படிச் சொல்லாதீங்க.” தெட்சுரோ இடுப்பு வரை குனிந்தான். அவர் அதைவிடக் கீழே குனிந்தார்.

“கோவமே வரல,” என்றான் திரும்பி வந்து. “கிராமத்து மனுசங்கன்னா தனிதான்.”

நாலு மணிக்கு அவரே வந்தார். மூங்கில் தட்டில் ஆறு உப்பு மீன். “நீங்க குடுத்ததுக்கு முன்னால இது ஒண்ணுமில்ல,” என்று சொல்லிவிட்டு ஓடாத குறையாகப் போனார்.

“தப்பு பண்ணது நாம. அவங்க மீன் குடுத்தா எப்படி?” என்றாள் சயோகோ.

“சாப்பிடுவோமே.”

“நீங்க கேட்ட மன்னிப்பே திரும்பி வந்த மாதிரி இருக்குங்க.”

தெட்சுரோ பன்னிரண்டு கிலோமீட்டர் இறங்கி, பன்னிரண்டு கிலோமீட்டர் ஏறி, பரிசுக்கென்றே விற்கும், காம்பு வாடாத, விலை கூடிய ஒரு மெலன் பழம் வாங்கி வந்தான். பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். பெருமூச்சு விட்டாள்.

சற்று நேரத்தில் அவர்கள் கார் மலையிறங்கும் சத்தம் கேட்டது. ஆறேகாலுக்கு அவள் வாசலில் நின்றாள். கையில் சாக்கே அரிசி மது, பெரிய பாட்டில்.

“இதோட வச்சுக்கலாங்க,” என்றாள், தலை நிமிராமல்.

கதவை மூடியதும் சயோகோ சொன்னாள். “மெலனத் தாண்டிட்டாங்க.”

“இதோட போதும்னுதானே சொன்னாங்க?”

“சொல்லத்தான் செய்வாங்க. சும்மா இருந்தா, டோக்கியோக்காரங்க கஞ்சப்பசங்கன்னு ஊரே பேசும்.”

இருவரும் மரப்பெட்டியைப் பார்த்தார்கள்.

“அது மட்டும் கூடாது,” என்றான் தெட்சுரோ. “ரெண்டு மாசம் முன்னாடி சொல்லி வச்சது.”

“சுட்டா வாசன அங்க போகும். அவங்க பாட்டில வாங்கி வச்சுக்கிட்டு நாம மட்டும் திம்போமா?”

“திம்போம்.”

“உங்களால முடியுமா?”

அவனால் முடியாது.

அவன் கொண்டுபோய்க் கொடுத்த பெட்டியைத் திறந்ததும் பக்கத்து வீட்டுக்காரரின் முகம் வெளுத்தது. உதடு துடித்தது.

“நெகிழ்ந்துட்டார்,” என்று தெட்சுரோ வந்து சொன்னான்.

உப்பு மீனைச் சுட்டுத் தின்றார்கள். ஆறும் கரித்தன.

“பத்து வருஷம்,” என்றான்.

“முள்ளப் பாத்துத் தின்னுங்க,” என்றாள்.

ஞாயிறு காலை வாசலில் ஒரு கம்பளிப் போர்வை கிடந்தது. உறைகூடப் பிரிக்காதது. மேலே ஒரு சீட்டு: ‘தயவுசெய்து இதற்குப் பதிலாக எதுவும் தர வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறோம்.’

சயோகோ இரண்டு தடவை படித்தாள். கழுத்திலிருந்த முத்துமாலையைத் தொட்டாள்.

“அம்மா தாயே, வேண்டாம்,” என்றான் தெட்சுரோ.

அப்போது வீட்டுச் சொந்தக்காரர் குராமோச்சி சாவி வாங்க வந்தார். குழம்பிப்போயிருந்தார்.

“உங்களத்தான் கேக்கணும். பக்கத்து வீட்ட வாடகைக்கு எடுத்த நகோயா ஜோடி, விடியறதுக்குள்ள சாவிய என் வாசல்ல போட்டுட்டு ஓடிட்டாங்க. யாரோ உள்ளூர்க்காரர் குடுத்துக்கிட்டே இருக்காராம், பதில் மரியாதை பண்ணி மாளலையாம். இந்த மேட்டுல இருக்கறதே என்னோட வாடகை வீடு ரெண்டுதான். யாருங்க அந்த உள்ளூர்க்காரர்?”