ஆனந்தவேல் சாரின் பெயர் ஓடி முடியும் வரை

ஒரு பெரிய மனிதரை நான் ஏறக்குறைய நசுக்கியிருக்கிறேன். வேண்டுமென்று இல்லை. அவருக்கு மரியாதை கொடுக்கப் போய்த்தான் அப்படி ஆனது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. இன்ஜினியரிங் முடித்த கையோடு பம்மலில் ஒரு பட்டறையில் சேர்ந்திருந்தேன். மெஷின்களுக்கு மூளை வைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். ஒரு சின்ன சிப், அதற்குள் என் புரோகிராம், அவ்வளவுதான். ஆனால் அஸ்தினாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது ஏதோ ராக்கெட் விடப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

தோலில் முதலைத் தோல் மாதிரி அச்சுப் பதிக்கும் மெஷினுக்கு ஆர்டர் வந்தது. கனமான இரண்டு உருளைகள். நடுவில் ஆட்டுத் தோலைக் கொடுத்தால் அந்தப் பக்கம் முதலையாக வெளியே வரும். வாங்குகிறவர் ஆனந்தவேல், தோல் தொழிற்சாலை முதலாளி. அவருக்குப் பிடித்துவிட்டால் இன்னும் ஆறு மெஷின். பிடிக்காவிட்டால் எங்களுக்கு அந்த வருடம் வேறு வேலையே கிடையாது. எங்கள் முதலாளி சொக்கலிங்கம் சார் இதை மாத்திரை சாப்பிடுவது போல மூன்று வேளையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மெஷினின் நெற்றியில் எழுத்து ஓடும் பலகை ஒன்று உண்டு. மெஷினை ஓட்டினால் அதில் ஆனந்தவேல் பெயர் ஓட வேண்டும் என்பது சொக்கலிங்கம் சாரின் யோசனை. ஓடியது. ஆனால் விக்கி விக்கி ஓடியது.

"ஆனந்... ஆனந்தனு திக்குதேம்மா. பெரிய மனுஷன் பேரு. மனசு கஷ்டப்படுவாரு," என்றார்.

விக்கலுக்குக் காரணம் எனக்குத் தெரியும். அந்தச் சிப்பால் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்ய முடியும். நடுவில் யாராவது கதவைத் தட்டினால், கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டுப் போய்ப் பார்க்கும். அந்தத் தட்டலுக்குப் பெயர் இன்டரப்ட். யார் தட்டினால் யாருடைய வேலையை நிறுத்தலாம் என்று முன்னுரிமை வரிசை எழுதுவது என் பொறுப்பு. உருளையின் வேகத்தை அளக்கும் சென்சார் ஓயாமல் தட்டியது. ஒவ்வொரு தட்டலுக்கும் பெயர் ஒருமுறை விக்கியது.

ஒரே நிமிடத்தில் தீர்த்து வைத்தேன். பெயருக்கு முதல் இடம் கொடுத்தேன். ஓட ஆரம்பித்தால் முடியும் வரை எவரும் குறுக்கே வரக் கூடாது. மெஷினை நிறுத்தும் சிவப்பு அவசரப் பொத்தானுக்கு இரண்டாவது இடம். (இரண்டாவது இடம் என்ன கேவலமா என்றுகூட நினைத்துக்கொண்டேன். அவ்வளவு தெளிவு.)

எலக்ட்ரீஷியன் பாஸ்கர் அண்ணா மட்டும் தலையைச் சொறிந்தார். "ம்மா, அந்த செவப்பு பட்டன் ஒயர நேரா மோட்டார் லைனுக்கே குட்த்துடட்டா? அமுக்குனா கரண்டே கட்டாயிடும்."

"வேண்டாம் அண்ணா. புரோகிராமே பாத்துக்கும்."

"நீ படிச்ச பொண்ணு. நான் இன்னா சொல்றது."

பொத்தானைப் பத்து முறை சோதித்தேன். பத்து முறையும் மெஷின் நின்றது. ஏனென்றால் அப்போது பலகையில் வெறும் பெயர்தான் இருந்தது. கண் மூடித் திறப்பதற்குள் ஓடி முடிந்துவிடும்.

எங்கள் பட்டறையிலேயே வைத்த திறப்பு விழா அன்று காலை சொக்கலிங்கம் சார் ஒரு தாளை நீட்டினார். ஆனந்தவேல் சாரின் பட்டங்கள். தொழில் செம்மல், கல்விக் கொடையாளர், நடைப்பயிற்சியாளர் சங்கத்தின் நிரந்தரத் தலைவர் என்று இரண்டு பக்கத்துக்கு ஓடியது. அத்தனையையும் ஏற்றினேன். மறுபடி சோதிக்க நேரமில்லை. பூ வாங்கப் போக வேண்டியிருந்தது.

ஆனந்தவேல் சார் வந்தார். சரிகை போட்ட பொன்னாடை போர்த்தினோம். கைதட்டினோம். அவரே பச்சைப் பொத்தானை அழுத்தினார். உருளைகள் சுழன்றன, பலகையில் "தொழில் செம்மல்" என்று வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. சொக்கலிங்கம் சார் என்னைப் பெருமையாகப் பார்த்தார். நான் வெட்கத்தோடு தலை குனிந்தேன். அந்த நேரத்தில் ஆனந்தவேல் சார் தோலைக் கொடுக்கக் குனிந்தார். பொன்னாடையின் நுனி தோலோடு சேர்ந்து உள்ளே போனது.

மெஷின் ஓட்டும் செல்வி அக்கா சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தார். நிற்கவில்லை. மறுபடி அடித்தார். "கல்விக் கொடையாளர்" என்று ஓடியது.

"இன்னாடி இது, நிக்கவே மாட்டேங்குது!"

எனக்கு அந்த நொடியே புரிந்தது. பட்டம் ஓடி முடியும் வரை பொத்தானின் தட்டல் வாசலிலேயே காத்திருக்கும். இன்னும் ஒன்றரைப் பக்கம் பட்டம் பாக்கி இருந்தது. பாஸ்கர் அண்ணா மெயின் சுவிட்சுக்கு ஓடினார். அதன் மேல் நாங்கள் வரவேற்பு பேனரைக் கட்டியிருந்தோம். அவர் பேனரோடு மல்லுக்கட்ட, ஆனந்தவேல் சார் பொன்னாடையை விடாமல் இரண்டு கையாலும் இழுக்க, அவர் விரல்களுக்கும் உருளைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

"சார், துணிய வுடு சார்! கை போயிடும், வுடு!" என்று செல்வி அக்கா அவரை இடுப்போடு கட்டிப் பின்னால் இழுத்தார். இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். பொன்னாடை மட்டும் தனியாக உள்ளே போனது.

"நிரந்தரத் தலைவர் ஆனந்தவேல் அவர்களே, வருக வருக" என்று பலகை நிதானமாகச் சொல்லி முடித்தது. உடனே மெஷின் டக்கென்று நின்றது. அப்படி ஒரு கீழ்ப்படிதல்.

நான் ஓடிப்போய் ஆனந்தவேல் சாரின் கைகளைப் பிடித்து விரல்களை எண்ணினேன். பத்து. நம்பாமல் மறுபடி எண்ணினேன். பத்தேதான். அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் அழுததே இல்லை. மெஷினின் அந்தப் பக்கம் பொன்னாடை முதலைத் தோலாகி, பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் அவரிடமே ஒப்புக்கொண்டேன். சொக்கலிங்கம் சார் கண்ணை மூடிக்கொண்டார். ஆனந்தவேல் சார் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்: "ஆறு மெஷின்லயும் எம் பேரு வேணாம்மா. நிறுத்துனா நின்னா போதும்."

ஆறு என்று அவர் சொன்னதை சொக்கலிங்கம் சார்தான் முதலில் கவனித்தார். அன்று மதியமே பாஸ்கர் அண்ணா சிவப்புப் பொத்தானுக்கு நேராக ஒயர் இழுத்தார். இழுத்து முடிக்கும் வரை நான் டார்ச் பிடித்தேன்.

இப்போது கல்யாணமாகி கூடுவாஞ்சேரியில் இருக்கிறேன். எந்த மெஷினைக் கண்டாலும் நிறுத்திக் காட்டச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. வீட்டு கிரைண்டர், கல்யாண மண்டபத்து லிஃப்ட், பொருட்காட்சி ராட்டினம், எதுவும் தப்பியதில்லை. என் கணவர் இதை எந்த உறவினர் வந்தாலும் நடித்துக் காட்டுவார். மாவு மில்லுக்கு மட்டும் என்னோடு வர மாட்டார். அங்கே கியூவில் பத்துப் பேர் நிற்கும்போது, நான் தெருமுனையில் தலையைக் காட்டியதுமே மில்காரர் ஓடுகிற மெஷினை நிறுத்திவிட்டுக் கத்துவார்:

"நின்னுட்சு மேடம்! நல்லா பாத்துக்கோங்க, நின்னுட்சு!"