ஃபேனுக்கு வந்த காய்ச்சல்

பயந்தாங்கொள்ளிகளில் இரண்டு வகை உண்டு. ஆபத்தைக் கண்டு நடுங்குகிறவர்கள் ஒரு வகை. ஆபத்து இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்ல நடுங்குகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டிலும் சேர்த்தி. இது என் மாமனார் வீட்டாருக்குத் தலை தீபாவளியன்றே தெரிந்துபோனது.

மாமனார் வீடு மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். கீழே ஓர் அறை. இரும்பு ஏணியில் ஏறினால் மேலே இன்னோர் அறை, கையைத் தூக்கினால் கூரையைத் தொடும் உயரத்தில். தீபாவளி சமயத்து மும்பை வெக்கையில் புது மாப்பிள்ளை வெந்துவிடக் கூடாதென்று மைத்துனன் இசக்கி அங்கே தன் கையாலேயே ஒரு ஃபேன் தயார் செய்து கூரையில் மாட்டியிருந்தான். எங்கேயோ கிடைத்த குட்டி மோட்டாரில் புதிதாகத் துளை போட்டு, பெரிய ஃபேனின் இறக்கைகளைப் பூட்டியிருந்தான்.

"சின்ன மோட்டாருன்னா கரண்டு கம்மி, பெரிய றெக்கைன்னா காத்து ஜாஸ்தி. எப்படி அத்தான் நம்ம ஐடியா?" என்றான்.

எனக்கு வாஷியில் மோட்டார்களைச் சோதிக்கும் கம்பெனியில் வேலை. சுமை கூடினால் மோட்டார் எவ்வளவு சூடேறுகிறது என்று ரிப்போர்ட் எழுதுவதுதான் என் பிழைப்பு. (எழுதுவது மட்டும்தான். மோட்டாரைத் தொடுகிறவர்கள் வேறு.) பள்ளிக்கூடப் பையன் முதுகில் அரிசி மூட்டையை ஏற்றின கதைதான் இது என்று பார்த்ததுமே தெரிந்தது. "இதை ஓட்டாதே" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "பிரமாதம்ப்பா."

காரணம் உண்டு. எங்கள் பெரியப்பா தம் தலை தீபாவளியில் வடையில் உப்பு குறைவு என்று சொல்லிவிட்டார். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்த வீட்டில் அவருக்கு 'உப்பு மாப்பிள்ளை' என்றுதான் பெயர். நான் வாயைத் திறப்பேனா?

சாப்பாடு முடிந்து மேலே படுத்தேன். ஃபேன் முனகிக்கொண்டு சுற்றியது. கொஞ்ச நேரத்தில் சூடான வார்னிஷ் வாசனை மெல்ல இறங்கி வந்தது. என் ரிப்போர்ட்டுகளில் கடைசிப் பக்கத்தில், மோட்டார் கருகுவதற்கு முன் வரும் வாசனை அது. அதன் பிறகு கண்ணை மூட முடியவில்லை. மூடினால் அந்த இறக்கைகள் என் மேல் இறங்குவதுதான் தெரிந்தது.

கோழைக்கு வரக்கூடிய யோசனையே எனக்கும் வந்தது: சொல்ல வேண்டாம், அளந்து பார்ப்போம். அளவு சரியாக இருந்தால் சொல்லவே வேண்டியதில்லை அல்லவா? சாமி படத்துக்குப் பக்கத்தில் காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தது. ஃபேனை நிறுத்தி, இறக்கைகள் நின்றதும், அதன் முனையை மோட்டாரின் வயிற்றில் அழுத்தினேன். எண் குடுகுடுவென்று ஏறி நூற்றியேழைத் தாண்டியபோது விரலைச் சுட்டது. கையை இழுத்துக்கொண்டேன். மனித உடம்புக்கென்று செய்த கருவி. மோட்டாரின் சூட்டில் அது பாதி தூரம்கூடப் போயிருக்காது. வெளிக்கூடே இப்படியென்றால் உள்ளே கம்பிச் சுருள் என்ன பாடுபடும்?

அப்போது ஏணியில் காலடிச் சத்தம். அத்தை காப்பியோடு வருகிறார். பதற்றத்தில் தெர்மாமீட்டரைச் சட்டைக்குள் விட்டு அக்குளில் செருகிக்கொண்டேன். (இன்றைக்கும் என்னால் விளக்க முடியாத செயல்.)

"என்ன மாப்பிள்ளே, காய்ச்சலா?"

"லேசா இருக்கு அத்தை."

அவர் அதை உருவிப் பார்த்தார். மோட்டாரில் ஏறின எண் இறங்காமல் அப்படியே நின்றிருந்தது. காப்பி டம்ளர் கீழே விழுந்தது.

"ஏட்டி கனி, மாப்பிள்ளைக்கு நூத்தியேழுட்டி. சீக்கிரம் வா."

சொல்லிக்கொண்டே, எனக்குக் காற்று வரட்டும் என்று ஃபேனை ஃபுல்லில் வைத்தார். அடுத்து நடந்ததெல்லாம் மின்னல் வேகம். இசக்கி டாக்ஸி பிடித்து வந்தான். தலையில் ஈரத்துண்டோடு என்னை இறக்கி, பின்சீட்டில் அத்தைக்கும் என் மனைவி கனிக்கும் நடுவில் திணித்தார்கள். அப்போதும் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்டர் சொல்லிக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

"மாமா வரலையா?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"உங்களப் பாக்க மேல ஏறுனாவல்லா, நூத்தியேழுன்னதும் தல சுத்திட்டு. மாத்திரையக் குடுத்து அங்கனயே ஃபேனுக்கு அடியில படுக்க வச்சிருக்கு. மாத்திர போட்டா அடிச்சுப் போட்டாப்ல தூங்குவாவ" என்றார் அத்தை.

என் பொய்யே அவரைக் கொண்டுபோய் அந்த ஃபேனுக்குக் கீழே கிடத்தியிருந்தது.

"அத்தை, காய்ச்சல் எனக்கு இல்ல. ஃபேனுக்கு."

அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "ஏட்டி, மாப்பிள்ள பினாத்துதாவளே."

"நிஜமா அத்தை. மோட்டார் ஓவர்லோடு. வெளியே தொட்டா இவ்வளவுதான், உள்ளேதான் சூடு அதிகம்."

"உள்காய்ச்சல்ட்டி இது. பையா, ஜல்தி சலோ."

டிரைவர் இன்னும் வேகமாக ஓட்டினார். நான் சொல்லச் சொல்ல வீடு பின்னால் போய்க்கொண்டே இருந்தது. கனி மட்டும் ஈரத்துண்டை எடுத்துவிட்டு என் நெற்றியில் கையை வைத்தாள். "ஏங்க, ஏதோ கருகுன வாசனை வந்துச்சே, அதா?"

தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது.

அவள் இசக்கிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுத்தான், பின்னால் பட்டாசுச் சத்தம். "மேல போயி ஃபேன நிப்பாட்டி அப்பாவக் கீழ எறக்கு. ஒண்ணும் கேக்காத, ஓடு."

அவன் போனை வைக்கவில்லை. இரும்பு ஏணி அதிர்வது கேட்டது. பிறகு, "யப்பா, யப்பா" என்று இசக்கியின் குரல் மட்டும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அத்தை என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. அப்புறம் ஓர் இருமல் கேட்டது. இருமலுக்கு நடுவே மாமாவின் குரல்:

"மாப்பிள்ளைக்கு எப்படில இருக்கு?"

டாக்ஸியைத் திருப்பினோம். மேல் அறை முழுக்கப் புகை. தெருவிலிருந்த பட்டாசு நாற்றத்தில் யாருக்கும் அது தெரியவில்லை. மோட்டார் கரிந்து நின்றிருந்தது. உருகிச் சொட்டிய ஏதோ ஒன்று தலையணையில் வட்டமாகப் பொசுக்கியிருந்தது. மாமா காது இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே.

யாரும் என்னைத் திட்டவில்லை. அதற்குப் பதிலாக, அன்றிலிருந்து ஒவ்வொரு வெயில் காலத்திலும் இசக்கி வீடியோ கால் போட்டு ஃபேனைக் காட்டுகிறான். "அத்தான், காய்ச்சல் இருக்கா பாத்துச் சொல்லுங்க."

போன மழைக்காலத்தில் எனக்கு நிஜமாகவே மலேரியா. நடுங்கிக்கொண்டு கிடந்தேன். அத்தை ரயிலேறி டோம்பிவிலியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே நுழைந்ததும் சுவிட்சை அணைத்தார். நாற்காலியைப் போட்டு ஏறி, ஃபேன் நின்றதும் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு இறங்கி வந்து என் நெற்றியில் கையை வைத்தார்.

"ஃபேனு நல்லாத்தாம்ட்டி இருக்கு. டாக்டரக் கூப்புடு."